புது அல்பம் கேக்குறதப் பத்தி கடையில திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஹட்டன் டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடையில நிக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போட் சைஸ் படம், இதுதான் வேல. நடுவுல காதுல ஒரு பக்கம் ஹேன்ட்ஃப்ரீ மாட்டிக்கிட்டு புதுசா வந்த இண்டி, எலக்ட்ரோனிக் பொப் அல்பங்கள கேக்குறது என்னோட பைத்தியம். கேட்டு முடிச்சதும் தெரிஞ்ச நாலு பேருக்கு வொய்ஸ் நோட் போடுவேன், அது பத்து பேருக்கு போகும், அவங்க கடைக்கு வந்து கேள்வி கேப்பாங்க. கேள்வி எல்லாம் ஒரே கேள்விதான், ஆளு மட்டும் மாறும். அதான் ஒரேடியா எழுதி வச்சிட்டேன்.

அக்கா, இண்டி இண்டின்னு சொல்றீங்களே, இந்தியா பாட்டா அது?

இல்ல தம்பி. இன்டிபென்டன்ட்ங்கிறத சுருக்கி இண்டின்னு சொல்றாங்க. பெரிய கம்பெனிகிட்ட போகாம சின்ன லேபிள்ல, இல்லாட்டி சொந்தமா பாட்டு வெளியிடுறது. இங்கிலாந்துல ரஃப் ட்ரேட், ஃபேக்டரி மாதிரி லேபிளுங்க 1978ல ஆரம்பிச்சாங்க, 1980ல இருந்து சின்ன லேபிள் பாட்டுக்குன்னே தனி சார்ட் போட ஆரம்பிச்சிட்டாங்க. அப்ப அது காசு சம்பந்தப்பட்ட வார்த்த, யாரு செலவழிச்சு பாட்ட வெளிய விட்டாங்கங்கிறதுதான் கணக்கு.

இப்ப அது ஒரு சத்தத்தோட பேரா மாறிப்போச்சு. இங்கிலாந்துப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் அட்லான்டிக் லேபிள்ல இருக்கா, அது எவ்வளவு பெரிய கம்பெனி, ஆனா ஆக்கள் அவளையும் இண்டி பொப் கணக்குலதான் சேப்பாங்க. மெக்டலீனா பேங்கிற ரெண்டு பேர் கூட்டம் நெசமாவே சின்ன லேபிள்ல இருந்து வர்றாங்க. என்கிட்ட கேட்டா லேபிள் பேரப் பாத்து சண்ட போடுறது வீண் வேல.

எலக்ட்ரோனிக் பொப்னா கலியாண வீட்டுல டீஜே போடுற பாட்டு தானே?

டீஜே போடுறதும் இதுல ஒரு கிளைதான், ஆனா மரமே அது இல்ல. சிந்தசைசர், ட்ரம் மெஷின், கம்ப்யூட்டர், இத வச்சு செஞ்ச பொப் எல்லாம் இதுக்குள்ள வரும். ஜேர்மனியில க்ராஃப்ட்வேர்க் 1974லேயே நெடுஞ்சாலையில கார் ஓடுற மாதிரி 22 நிமிசத்துக்கு மேல ஒரே பாட்டு போட்டுட்டாங்க. பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒரு சினிமா வாத்தியக்காரர் 1982ல பத்து ராகத்த டிஸ்கோ தாளத்துல ரோலண்ட் மெஷின்கள வச்சு வாசிச்சு வச்சாரு, அந்த நேரம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, 2010ல மறுபடி வெளியிட்டப்போதான் உலகமே வாயப் பொளந்துச்சு.

பொப்ங்கிற வார்த்தையே நம்ம நாட்டுக்கு புதுசு இல்லயே. எங்கப்பாகிட்ட பொப்னு சொன்னா ஏ.ஈ. மனோகரன் பாட்டத்தான் பாட ஆரம்பிப்பாரு, நிப்பாட்டுறது கஸ்டம்.

ஹிட் ஆன ரெண்டு பாட்டக் கேட்டா போதாதா, எதுக்கு முழு அல்பம்?

பாட்டு கேக்க அது போதும். கருத்து சொல்ல போதாது. 1948ல எல்பி தட்டு வந்தப்போ ஒரு பக்கத்துக்கு சுமாரா 20 நிமிசம் சொச்சம் புடிச்சது, ரெண்டு பக்கமும் சேத்தா முக்கா மணித்தியாலம், அந்த அளவு இன்னிக்கி வரைக்கும் அல்பத்துக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. எத முன்னாடி வைக்கிறது, எத கடைசியில வைக்கிறதுன்னு யோசிச்சு அடுக்கியிருப்பாங்க. மெக்டலீனா பேயோட இமேஜினல் டிஸ்க் 2024 ஓகஸ்ட்ல வந்துச்சு, அதுல பல இடத்துல ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற வெட்டே தெரியாது, நடுவுல ஒண்ண மட்டும் உருவி எடுத்தா ரொட்டியில நடுத்துண்ட பிச்ச மாதிரி இருக்கும்.

நான் முழுசா கேக்குறது ரயில்லதான். ஹட்டன்ல ஏறி, சிங்கமலை சுரங்கத்துக்குள்ள போகும்போது மொதப் பாட்டு, கொட்டகலை தாண்டி சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும்போது நாலாவது, அஞ்சாவது, வட்டகொடைக்கு வர்றப்போ அல்பம் முடிஞ்சிரும், நானுஓயா போய்ச் சேர்றதுக்குள்ள பிடிச்சத மறுபடி ஒருக்கா போட்டுக்கலாம். சுரங்கத்துக்குள்ள சிக்னல் போயிரும், அதனால மொதல்லயே டவுன்லோட் பண்ணி வைக்கணும். இது அடுத்த கேள்விக்கு வந்துருச்சு.

ஒரு அல்பம் கேக்க எவ்வளவு டேட்டா போகும்? காசு கட்டுமா?

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில வந்துச்சு. அதுல நோர்மல் தரம் 96 கேபிபிஎஸ், அதாவது 45 நிமிச அல்பத்துக்கு சுமாரா 32 எம்பி. 160ல வச்சா 54 எம்பி, 320ல வச்சா 108 எம்பி. யூடியூப்ல வீடியோவோட பாத்தா இதவிட பல மடங்கு போகும், ரீலோட் போட வர்ற பொடியனுகள்ல பாதிப்பேர் டேட்டா எங்க போச்சுன்னு என்னைய கேக்குறது இதனாலதான்.

நோர்மல்லயே கேளுங்க. பஸ்ஸுல 96க்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சா வந்து சொல்லுங்க, ப்ளேன்டீ வாங்கித்தர்றேன்.

புதுசு எந்த நாள்ல வரும்?

வெள்ளிக்கிழம. 2015 ஜூலை 10ல இருந்து உலகம் முழுக்க அதான் நாள். அதுக்கு முன்ன இங்கிலாந்துல திங்கள், அமெரிக்காவுல செவ்வாய்னு ஆளாளுக்கு ஒரு நாள் இருந்துச்சு.

இங்கிலீஷ் பாதி வெளங்கலயே அக்கா, பொறகு எப்படி நான் கருத்து சொல்றது?

இதக் கேக்காத ஆளே இல்ல, எனக்கும் இருந்த கூச்சம்தான். வெளங்காம கேக்குறது குத்தம் மாதிரி, யாராவது புடிச்சு மீனிங் கேட்டுருவாங்களோன்னு பயம். ஆனா வெள்ளக்காரனுக்கே வெளங்காத பாட்டுங்க எவ்வளவு இருக்கு தெரியுமா? கொக்டோ ட்வின்ஸ்ல பாடுன எலிசபெத் ஃப்ரேசர் பல பாட்டுல சொல்றது வார்த்தையா சத்தமான்னே பிரிக்க ஏலாது. ஐஸ்லாந்துல சிகுர் ரோஸ்னு ஒரு கூட்டம் 2002ல ஒரு அல்பம் முழுசையும் அர்த்தமே இல்லாத சொந்த பாஷையில பாடுனாங்க, அல்பத்துக்கு பேர் கூட வைக்கல, ரெண்டு அடைப்புக்குறி மட்டும்தான் போட்டாங்க.

நம்ம பக்கம் தப்பு மேளச் சத்தத்துக்கு யாரு வந்து அர்த்தம் சொல்லிக் குடுத்தா? சாவு வீட்டு அடி வேற, காமன் கூத்து அடி வேற, தூரத்துல கேட்டாலே காதுக்கு தெரிஞ்சிரும். ஒரு நாள் ராவு தோட்டத்து லயத்து வீட்டுல அம்மாயி பக்கத்துல படுத்துக்கிட்டு ஹேன்ட்ஃப்ரீ இல்லாம சின்ன ஸ்பீக்கர் ஒண்ணுல ஒரு டெக்னோ பாட்டு போட்டேன், மெதுவா ஒரு கிக் ட்ரம் மட்டும் ரெண்டு நிமிசத்துக்கு போகும். அம்மாயி எந்திரிச்சு உக்காந்து "எந்த லயத்துல புள்ள எழவு?"ன்னு கேட்டுச்சு. பாட்டு செத்துப்போன ஒருத்தர நெனச்சு செஞ்சது. அம்மாயிக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்த தெரியாது.

அதனால மொத தடவ வார்த்தைய விட்ருங்க. ரெண்டாவது தடவ வேணும்னா வரிகளத் தேடி வாசிங்க. முதல்லயே வாசிச்சா பாட்ட கேக்க மாட்டீங்க, பாடம் படிப்பீங்க.

போன் ஸ்பீக்கர்ல போட்டா தகரத்த தட்டுற மாதிரி இருக்கே?

தகரம்தான் அது. போன் ஸ்பீக்கருக்கு உள்ள எடத்துல பேஸ்னு சொல்ற அடி சத்தம் உருவாகவே ஏலாது, 1980ல வந்த ரோலண்ட் டிஆர் 808 மெஷினோட கிக், இன்னிக்கும் பாதி பாட்டுல அதுதான் இருக்கு, அது கெடக்குறது எல்லாம் ஆக அடியில. போன்ல அந்தப் பகுதி வராது, மேல இருக்குற டிக் மட்டும் வரும். எலக்ட்ரோனிக் பொப்புல அடி இல்லாம கேட்டா கறி இல்லாம சோறு மட்டும் சாப்புட்ட கணக்கு. வெல கூடினது ஒண்ணும் தேவையில்ல, காதுக்குள்ள நல்லா இறுக்கமா உக்காருற ரப்பர் உள்ள ஒரு ஹேன்ட்ஃப்ரீ போதும், ரப்பர் சைஸ் மாத்திப் பாருங்க, பாதி பேஸ் அந்த ஓட்டையாலதான் ஓடிருது.

ஒரே மாதிரி டும் டும்னு போகுது, எனக்கு தூக்கம் வருது.

மொதல்ல ஸ்பீக்கர் பதில பாருங்க. அப்புறமும் தூக்கம் வந்தா இப்படி ஒருக்கா செஞ்சு பாருங்க. பாட்டு முழுசையும் கேக்காதீங்க, ஒரு சத்தத்த மட்டும் புடிச்சுக்கோங்க, ட்ஸ் ட்ஸ்னு வர்ற ஹைஹெட்டுன்னு வைங்க. அது எப்ப வருது, எப்ப காணாமப் போகுது, எப்ப கொஞ்சம் தெறந்து சத்தம் கூடுதுன்னு மட்டும் பாருங்க. மாறவே இல்லன்னு நெனச்ச பாட்டு எட்டு அடிக்கு ஒருக்கா எதையாவது சேக்குறதும் எடுக்குறதுமா இருக்கும்.

ஜேமி எக்ஸ்எக்ஸ்னு ஒரு இங்கிலாந்து ப்ரொட்யூசர் 2015ல போட்ட அல்பத்துக்கு பொறகு ஒம்பது வருசம் கழிச்சு 2024 செப்டம்பர்ல இன் வேவ்ஸ் போட்டான். என்னோட கருத்து, மொதப் பாதி பிரமாதம், ரெண்டாவது பாதியில பேச்சு சத்தங்கள வெட்டி ஒட்டுனது கொஞ்சம் ஓவர், ஒம்பது வருசம் காத்திருந்ததுக்கு இவ்வளவுதானான்னு ஒரு எரிச்சல். 2025 ஜனவரியில வந்த, பாடகி எஃப்கேஏ ட்விக்ஸோட யூசெக்ஸுவா அல்பம் ப்ராக் நகரத்து ரேவ் நடனத்துல இருந்து எடுத்த சத்தம், அது எனக்கு தூக்கத்த கலைச்சுது, ஆனா நடுவுல ஒரு பாட்டு வந்து மொத்த மூடையும் கெடுத்துருச்சு, எதுன்னு கேட்டவங்களுக்கு தெரியும்.

சார்லி எக்ஸ்சிஎக்ஸோட பிராட் அல்பத்த மொத வாரம் கிழிச்சு தொங்கவிட்டீங்க, பொறகு தூக்கி வச்சு கொண்டாடுறீங்க. என்ன கணக்கு இது?

ஒத்துக்கிறேன், அது என்னோட பெரிய சறுக்கல். 2024 ஜூன் 7 வெள்ளிக்கிழம வந்துச்சு. கடையில ஓ எல் பிள்ளைகளோட பாஸ்ட் பேப்பர் கொப்பி அடிச்சிக்கிட்டு, போன் ஸ்பீக்கர்ல, மெஷின் சத்தத்துக்கு மேல கேட்டேன், சும்மா கத்தலும் கார் அலாரமும்னு வொய்ஸ் நோட் போட்டுட்டேன். கவர் வேற, பச்சக் கலர்ல மங்கலா ஒரு வார்த்த. ஒருத்தங்க போஸ்டர் சைஸ்ல பிரிண்ட் கேட்டாங்க, அடிச்சுக் குடுத்ததும் பக்கத்துல நின்ன மாமா "பிள்ள, ஒங்க பிரிண்டர்ல ஏதோ கோளாறு, எழுத்து கலங்கி வருது"ன்னாரு. அப்படித்தான் மாமா இருக்கணும்னு சொன்னதுக்கு அவரு என்னையப் பாத்த பார்வ இருக்கே.

ரெண்டு வாரம் கழிச்சு நுவரெலியா பஸ்ஸுல, தங்கச்சியோட ஹெட்செட்ல மறுபடி கேட்டேன். கத்தலுக்கு நடுவுல சோஃபின்னு ஒரு ப்ரொட்யூசர், 2021ல எறந்துட்டா, அவள நெனச்சு ஒரு பாட்டு இருக்கு, உயிரோட இருக்கும்போது பக்கத்துல போக கூச்சப்பட்டேனேன்னு அழுகுற பாட்டு. கடைசியில ஒரு பாட்டுல கொழந்த பெத்துக்கணுமா வேணாமான்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டே இருக்கா, பதில் இல்ல. எங்க வீட்டுல கெழம தவறாம வர்ற கேள்வி அது, பஸ் வளைவுகள்ல ஏறுது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். இதெல்லாம் மொத வாரமும் அங்கதான் இருந்துச்சு, நான் கேட்ட எடம் சரியில்ல.

அன்னிக்கில இருந்துதான் மூணு தடவ கேக்காம வாய் தொறக்க மாட்டேன்னு வச்சிருக்கேன். ஒண்ணு வேல செஞ்சுக்கிட்டு, ஒண்ணு ஹேன்ட்ஃப்ரீயில சும்மா உக்காந்து, ஒண்ணு பயணத்துல. மூணுலயும் புடிக்கலன்னா தைரியமா சொல்வேன்.

பத்துக்கு எத்தன மார்க்? அத மட்டும் சொல்லுங்க.

மாட்டேன். அதுலயும் 7.8க்கும் 8.1க்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாராவது வெளங்கப்படுத்துனா பொறகு பாப்போம்.

நம்ம தமிழாக்கள் யாரும் இதுல இருக்காங்களா?

இருக்காங்க, அதுவும் முன் வரிசையில. எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம், லண்டன்ல பொறந்து சின்ன வயசுல யாழ்ப்பாணத்துல வளந்தவங்க. 2005ல வந்த மொத அல்பத்துக்கு அப்பாவோட பேர், 2007ல வந்த ரெண்டாவதுக்கு அம்மாவோட பேர். மொத அல்பத்துக்கு அவங்க பாட்டு எழுதுனது ரோலண்ட் எம்சி 505ங்கற தாள மெஷின் பெட்டிய வச்சு. ரெண்டாவதுல சென்னைக்கு போய் மேளக்காரங்கள வச்சு உருமியெல்லாம் ரெக்கோட் பண்ணிட்டு வந்து எலக்ட்ரோனிக் சத்தத்தோட மோதவிட்டாங்க. இன்னிக்கி கேட்டாலும் புதுசு. அவங்க இப்ப கதைக்கிற கத பலது எனக்கு ஒத்துவராது, அந்த ரெண்டு அல்பத்த நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

சுவிஸ்ல இருந்து பிரியா ராகு, 2023ல சந்தோசம்னு அல்பத்துக்கே தமிழ்ப் பேர். அண்ணன் ஜஃப்னா கோல்ட்தான் மியூசிக். என் கருத்து, 2021ல வந்த மிக்ஸ்டேப்ல இருந்த முரட்டுத்தனம் அல்பத்துல கொஞ்சம் இஸ்திரி போட்ட மாதிரி ஆயிருச்சு, ஆனா குரல் தங்கம்.

மலையகத்துக்கு வந்தா நேரடியா இந்த வகையில அல்பம் போட்ட ஆள நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். ஆனா தமிழ்நாட்டு ராப் பாடகர் அறிவு, 2019ல ஒஃப்ரோவோட சேந்து தெருக்குரல் போட்ட அறிவு, அவரோட பாட்டி வள்ளியம்மாள் இங்கத்த தேயிலத் தோட்டத்துல வேல செஞ்சு, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு திரும்பிப் போனவங்க. 2021ல தீங்கிற பாடகியோட அவரு பாடுன எஞ்சாய் எஞ்சாமி பாட்டுக்கு உலகமே ஆடுச்சு, எங்க லயத்துல அது வேற மாதிரி கேட்டுச்சு. 1964 ஒப்பந்தத்துல போன சொந்தம் இல்லாத வீடு இங்க எது?

டவுன்லோட் பண்ணி ஃப்ரீயா கேட்டா பாவமா?

எங்கிட்ட பென் ட்ரைவ்ல பாட்டு ஏத்திக்கிட்டு போனவங்க எத்தன பேர், நான் எப்படி பாவம்னு சொல்றது. ஆனா கணக்கு இதான்: ஸ்பொட்டிஃபையில 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல ஆயிரம் தடவ ஓடலன்னா அதுக்கு ஒரு சதமும் கெடையாது. பேன்ட்கேம்ப்ங்கிற சைட்ல வாங்குனா டிஜிட்டல் அல்பத்துல அவங்க எடுக்குறது 15 வீதம், கார்ட் செலவும் போக மிச்சம் பாடுனவங்களுக்கு. நம்மகிட்ட கார்ட் இல்ல, டொலர் வெலயும் நமக்கு தெரியும். நான் வருசத்துக்கு ஒண்ணு, தங்கச்சி கார்ட்ல, ஆக சின்னக் கலைஞரோடதா பாத்து வாங்குவேன். சார்லிக்கு என் காசு தேவப்படாது.

எல்லாம் கம்ப்யூட்டரே பாடுது, இதுல மனுசன் எங்க இருக்கான்?

குரல வளைக்கிற ஓட்டோடியூன செஞ்ச அண்டி ஹில்டெப்ரண்ட், முன்ன எண்ணெய்க் கம்பெனிக்கு பூமிக்குள்ள சத்தத்த அனுப்பி எங்க எண்ணெய் இருக்குன்னு பாக்குற கணக்கு போட்டவரு. அந்தக் கணக்கத்தான் 1997ல குரலுக்கு திருப்பினாரு. சுருதி பெசகினா யாருக்கும் தெரியாம சரி பண்ண வந்த சாமான், 1998ல ஷேர்ங்கிற பாடகி அத வேணும்னே எல்லாருக்கும் தெரியிற மாதிரி திருகிப் பாடினா. அந்த வேணும்னேங்கிறதுல தான் மனுசன் இருக்கான்.

2025 பெப்ரவரியில ஓக்லூன்னு ஒரு பிரெஞ்சுக்காரி சோக் இனஃப் போட்டா. சின்ன வயசுல பியானோவும் செல்லோவும் மொறையா படிச்சவ. குரல் முழுக்க மெஷின் வழியாத்தான் வருது, ஆனா ட்ரம்ம வேணும்னே வெளிய வச்சிட்டா, பல பாட்டுல இதோ அடி வரப்போகுதுன்னு காத்துக்கிட்டே இருப்பீங்க, வரவே வராது. பனி மூடுன காலையில கோயில் ஸ்பீக்கர் சத்தம் அந்தப் பக்கத்து மலையில இருந்து வர்ற மாதிரி ஒரு சத்தம். அந்த வருசத்துல எனக்கு ஆக புடிச்சது அதுதான். ஏஐ செஞ்ச பாட்டா இருந்தா எனக்கு தெரியுமான்னு கேக்குறீங்க, ஒண்ணு ரெண்டுல ஏமாந்துருவேன், மூணு தடவ கேக்குற கணக்குல மூணாவதுல சலிச்சிரும்னு நம்புறேன்.

தோட்டத்துல சம்பளத்துக்கு ரோட்டுல நிக்கிறாங்க, ஒங்களுக்கு வெள்ளக்காரி பாட்டுக்கு விமர்சனம் கேக்குதா?

இதக் கேட்டவரு எனக்கு பாடம் சொல்லித்தந்த சேர், அதனால கோவப்படல. நாள் சம்பளமா ஆயிரம் ரூபா கேக்க ஆரம்பிச்சு 2021ல கெசட் வர்ற வரைக்கும் எங்கம்மா அந்த ரோட்டுல நின்னவங்க, பேனர் பிரிண்ட் எடுத்துக் குடுத்தது நான். கொழுந்து எடுத்துட்டு வந்து அம்மா ராவுல என்கிட்ட ஒரு பக்கத்து ஹேன்ட்ஃப்ரீய வாங்கிக் காதுல வச்சு "இந்தப் புள்ள எதுக்கு இப்படி மூக்கால பாடுது"ன்னு கேப்பாங்க, ஆனா பாட்ட முழுசா கேட்டுட்டுத்தான் தூங்குவாங்க. சேருக்கும் அதத்தான் சொன்னேன். அவரு சிரிச்சிட்டு ரெண்டு பக்கம் கொப்பி எடுத்துக்கிட்டு போயிட்டாரு.

சரி, எதுல ஆரம்பிக்கட்டும்?

எண்பதுகள் சினிமாப் பாட்டு மெட்டு புடிக்கும்னா இமேஜினல் டிஸ்க். கிட்டார் வேணும்னா நிலுஃபர் யன்யாவோட மை மெதட் அக்டர், 2024. ஆட்டம் வேணும்னா பிராட், ஹேன்ட்ஃப்ரீ இல்லாம தொடாதீங்க. மழ நாள்ல கம்பளிக்குள்ள கெடந்து கேக்கணும்னா ஓக்லூ.

கேட்டேன் அக்கா. எனக்கு புடிக்கல.

எத்தனையாவது பாட்டுல நிப்பாட்டுன, அத மட்டும் வந்து சொல்லு. ஆறு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன்.